உயரம் குறைந்த பெண்ணுக்கு ரோடு சைக்கிள் ஏன் பொருந்த மறுக்கிறது?

உலக சைக்கிள் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் யூசிஐ அமைப்பு 2025 ஜூனில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல் சாலைப் பந்தயங்களில் ஹேண்டில்பாரின் வெளி அகலம் குறைந்தது 400 மி.மீ. இருக்க வேண்டும், இரண்டு பிரேக் லீவர்களுக்கு நடுவே குறைந்தது 320 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும் என்றது அந்த அறிவிப்பு. காற்றின் தடையைக் குறைக்க வீரர்கள் ஹேண்டில்பாரைக் குறுக்கிக்கொண்டே போனதுதான் இந்த விதிக்குப் பின்னணி. ஆனால் அடி விழுந்தது வேறு இடத்தில். உடம்புவாகுக்கு ஏற்றபடியே குறுகிய ஹேண்டில்பார் வைத்திருந்த பெண் வீராங்கனைகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதன்பிறகு லீவர் இடைவெளியை 280 மி.மீ. ஆகக் குறைத்தார்கள். 400 அப்படியே நின்றது.

சில சென்டிமீட்டருக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்கத் தோன்றும். ஹேண்டில்பார் அகலம் ஒரு பெரிய பிரச்சினையின் ஓரம் மட்டுமே. 150 முதல் 160 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண் ரோடு சைக்கிள் வாங்கப் போனால், கையில் படுவது, காலில் படுவது எல்லாமே வேறு யாருக்கோ அளவெடுத்துச் செய்தது போலத்தான் இருக்கும். ‘எக்ஸ்எஸ்’ என்று ஒட்டியிருப்பதால் மட்டும் அது மாறிவிடுவதில்லை. ஏன் என்று புரிய, சைக்கிளின் வடிவக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முதலில் நான்கு சொற்கள்

ஒவ்வொரு நிறுவனமும் தன் சைக்கிள்களுக்கு ஓர் அளவு அட்டவணை வெளியிடுகிறது. அதில் இருபது வரிகள் இருந்தாலும் நமக்கு வேண்டியவை சிலதான்.

1. ஸ்டாக்: பெடல் சுழலும் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஹெட் டியூபின் உச்சி வரை நேர் செங்குத்தாக அளந்த உயரம்.

2. ரீச்: அதே இரண்டு புள்ளிகளுக்கும் இடையே கிடைமட்டமாக அளந்த தூரம். கை எவ்வளவு எட்ட வேண்டும் என்பதற்கு ஃபிரேமின் பங்கு இதுதான்.

3. ஃப்ரன்ட் சென்டர்: பாட்டம் பிராக்கெட்டிலிருந்து முன்சக்கரத்தின் அச்சு வரை உள்ள தூரம்.

4. கோணங்கள்: சீட்டைத் தாங்கும் சீட் டியூப், ஹெட் டியூப் இரண்டும் தரையோடு எத்தனை டிகிரியில் நிற்கின்றன என்பது. நடுத்தர அளவு ரோடு சைக்கிளில் இரண்டும் 73 டிகிரியை ஒட்டியே இருக்கும். எண் கூடினால் குழாய் நிமிர்ந்து நிற்கிறது. குறைந்தால் சாய்ந்து நிற்கிறது.

எல்லாம் தொடங்குவது சக்கரத்தில்

இன்றைய ரோடு சைக்கிள்கள் பெரும்பாலும் 700சி சக்கரத்தில்தான் ஓடுகின்றன. டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 622 மி.மீ. அதில் 28 மி.மீ. டயரைப் போட்டால் சக்கரம் கிட்டத்தட்ட 678 மி.மீ. உயரம். 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணின் உள்கால் அளவு, அதாவது கவட்டிலிருந்து தரை வரை, சுமார் 690 மி.மீ. சக்கரம் ஏறக்குறைய அவர் கால் உயரத்துக்கு நிற்கிறது. 185 செ.மீ. உயரமுள்ள ஆணும் இதே சக்கரத்தைத்தான் ஓட்டுகிறார். ஃபிரேமைச் சுருக்கலாம், சீட்டை இறக்கலாம்; சக்கரம் மட்டும் அசையாது. அது அசையாததால் மற்றவை எப்படி வளைகின்றன என்று பார்ப்போம்.

1. ஃபிரேமைக் குறுக்கினால் முன்சக்கரம் பாதத்தை நெருங்குகிறது. வேகம் குறைவாக, ஹேண்டில்பாரை அதிகம் ஒடித்துத் திரும்பும்போது, வலப்பக்கம் திரும்பினால் சக்கரத்தின் பின்விளிம்பு இடப்பக்கம் வரும். அந்த நேரம் இடது பெடல் முன்னால் இருந்தால் ஷூ நுனி டயரில் உரசும். வேகமாகப் போகும்போது யாரும் அவ்வளவு ஒடிப்பதில்லை, அதனால் பயப்பட ஒன்றுமில்லை. யூ-டர்ன் அடிக்கும்போதும், சிக்னலில் தடுமாறிக் கிளம்பும்போதும்தான் ஆபத்து. புதிதாக ஓட்டுபவர் விழுவதும் அங்கேதான்.

2. இதைத் தவிர்க்க வடிவமைப்பாளர் முன்சக்கரத்தைத் தள்ளி வைக்கிறார். அதற்கு எளிய வழி ஹெட் டியூபைச் சாய்ப்பது. சின்ன அளவுகளில் 70, 71 டிகிரி வரை இறங்குவது சகஜம்.

3. ஹெட் டியூப் சாய்ந்தால் ‘டிரெய்ல்’ கூடுகிறது. ஸ்டியரிங் அச்சை நேராக நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்கும், டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் இது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் வளைவு 45 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 73 டிகிரியில் டிரெய்ல் சுமார் 57 மி.மீ.; 70.5 டிகிரியில் சுமார் 72. மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பார் ஒரு பக்கம் சரிந்து விழுவது போல இருக்கும், திருப்பினால் மந்தமாக இருக்கும். அக்கறையுள்ள நிறுவனங்கள் சின்ன அளவுக்கு மட்டும் வளைவு அதிகமுள்ள தனி ஃபோர்க் செய்து இதைச் சரிக்கட்டுகின்றன. செலவு பார்க்கும் நிறுவனங்கள் எல்லா அளவுக்கும் ஒரே ஃபோர்க்கைப் போட்டுவிடுகின்றன.

4. இவ்வளவு செய்தும் ரீச் ஓரளவுக்குமேல் குறைவதில்லை. 360 மி.மீ. பக்கத்தில் வந்ததும் பல நிறுவனங்களின் அட்டவணையில் அந்த எண் நின்றுவிடுகிறது. அளவு 52, 49, 46 என்று இறங்கிக்கொண்டே போகும். ரீச் மட்டும் ஐந்து, பத்து மில்லிமீட்டர்தான் மாறும்.

உயரம் குறைந்தவரின் பிரச்சினை முழுவதும் இந்த நாலாவது புள்ளியில் அடங்கியிருக்கிறது. கால் எட்டுவது இங்கே சிக்கலே இல்லை. சீட்டை இறக்கினால் எட்டும். கை எட்டுவதுதான் சிக்கல். கடையில் சைக்கிளின் மேல் கால் போட்டு நின்று ‘கால் தரையில் படுகிறது, அளவு சரி’ என்று முடிவுகட்டுவது அதனால்தான் அர்த்தமற்றது. இன்றைய ஃபிரேம்களில் மேல்குழாய் பின்பக்கமாகச் சரிந்திருக்கும். யார் நின்றாலும் இடைவெளி இருக்கும்.

அளவு எண் எப்படி ஏமாற்றுகிறது

நீளம் குறையாதபோது, குறைந்தது போல் காட்ட ஒரு வழி உண்டு. பழைய முறையில் சைக்கிளின் நீளத்தை மேல்குழாயின் கிடைமட்ட நீளத்தால் சொல்வார்கள்: ஹெட் டியூப் உச்சியிலிருந்து பின்னோக்கி, சீட் டியூபின் கோடு வரை. இந்த அளவில் சீட் டியூப் கோணமும் கலந்திருக்கிறது.

ஸ்டாக் 500, ரீச் 365 உள்ள ஒரு ஃபிரேமை எடுத்துக்கொள்வோம். சீட் டியூப் 73 டிகிரி என்றால் மேல்குழாய் நீளம் 518 மி.மீ. என்று வரும். அதே ஃபிரேமில் சீட் டியூபை மட்டும் 75 டிகிரிக்கு நிமிர்த்தினால் 499. காகிதத்தில் இரண்டு சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. ஹேண்டில்பார் ஒரு மில்லிமீட்டர்கூட கிட்டே வரவில்லை. சீட்தான் முன்னால் நகர்ந்திருக்கிறது. இதில் உட்காருபவர் பெடலுக்கு நேர் மேலே வந்துவிடுகிறார், உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்குகிறது. அது பிடிக்காமல் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால் குறைந்த இரண்டு சென்டிமீட்டர் திரும்ப வந்துவிடும். சரி, நிமிர்ந்த சீட் டியூப் எப்போதும் மோசடி என்று சொல்லிவிடவும் முடியாது. தொடை எலும்பு நீளம் குறைந்தவருக்கு சீட் அவ்வளவு பின்னால் இருக்கத் தேவையில்லை. 74 டிகிரி பலருக்கு நன்றாகவே பொருந்தும். 75ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம்.

ரீச் எண்ணையும் தனியாக நம்பக்கூடாது. இரண்டு சைக்கிள்கள்:

அ. ஸ்டாக் 520, ரீச் 360.
ஆ. ஸ்டாக் 490, ரீச் 365.

பார்த்தவுடன் ‘அ’ குட்டை என்று தோன்றும். ஆனால் ஹெட் டியூப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், ஹேண்டில்பாரை உயர்த்த உயர்த்த அது ஓட்டுபவரை நோக்கி வருகிறது. ஹேண்டில்பாரை உயர்த்த அடியில் வைக்கும் வளையமான ஸ்பேசரை 10 மி.மீ. வைத்தால் 3 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக ரீச் குறையும். ‘ஆ’வில் 30 மி.மீ. ஸ்பேசர் வைத்து ‘அ’வின் உயரத்துக்குக் கொண்டுவந்தால், அதன் ரீச் 355 ஆகிவிடும். குட்டை சைக்கிள் ‘ஆ’தான். இரண்டு ஃபிரேம்களை ஒப்பிடும்போது ஸ்டாக்கைச் சமமாக்கிய பிறகே ரீச்சைப் பார்க்க வேண்டும். ஃபோர்க்கின் மேல்தண்டு வெட்டப்படாமல் இருந்தால்தான் ஸ்பேசர் வைக்க இடம் இருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

‘பெண்களுக்கான ஃபிரேம்’ தீர்வா?

இந்தச் சிக்கலை முதலில் பிடித்தவர்களில் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜினா டெர்ரி. 1985இல் அவர் தொடங்கிய நிறுவனம் விற்ற சைக்கிள்களில் பின்சக்கரம் வழக்கமான 700சி, முன்சக்கரம் மட்டும் 24 அங்குலம். பார்ப்பதற்கு விசித்திரமாக இருக்கும். கணக்கு சுத்தம்: முட்டிக்கொள்வது முன்சக்கரம், அதை மட்டும் சின்னதாக்கு, ஃபிரேம் தானாகக் குறுகும்.

பின்னால் வந்த பெரிய நிறுவனங்கள் ‘பெண்களுக்குக் கால் நீளம், உடல் குட்டை’ என்ற பொதுக் கருத்தை வைத்துத் தனி ஃபிரேம்கள் செய்தன. ஜயன்ட் நிறுவனம் 2008இல் தொடங்கிய லிவ் இன்றும் பெண்களுக்கென்றே ஃபிரேம் வடிவமைக்கிறது. ஸ்பெஷலைஸ்டு எதிர்த்திசையில் போனது. சைக்கிள் பொருத்தம் பார்த்தவர்களின் அளவுகளை ஆராய்ந்த பிறகு, ஆண்–பெண் வேறுபாட்டைவிட ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு பெரிது என்று சொல்லி, 2019இல் தனி ஃபிரேம் என்ற எண்ணத்தையே கைவிட்டது.

இரண்டாவது நிலைப்பாட்டில் பாதி உண்மை இருக்கிறது. 170 செ.மீ. உயரமுள்ள பெண்ணும் அதே உயரமுள்ள ஆணும் ஒரே ஃபிரேமில் நன்றாக ஓட்டலாம். மாற வேண்டியவை சீட், ஹேண்டில்பார் போன்ற உதிரிகள்தான். 152 செ.மீ. உயரமுள்ளவருக்குப் பிரச்சினை பாலினத்தால் வரவில்லை, சக்கரத்தால் வருகிறது. ‘ஆண் பெண் இருவருக்கும்’ என்று விற்கும் வரிசையில் மிகச் சின்ன அளவை விட்டுவிட்டால் பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் பெண்கள்தான், ஏனென்றால் அந்த உயரத்தில் அவர்கள்தான் அதிகம். அதனால் பெயர்ப்பலகையைப் பார்க்காமல், அந்த வரிசையின் கடைசி அளவு எது, அதன் ரீச் எவ்வளவு என்று பார்ப்பதே பயனுள்ளது.

சின்னச் சக்கரத்தின் லாபமும் நஷ்டமும்

700சிக்குப் பதில் 650பி சக்கரம் போட்டால் ரிம் விட்டம் 584 மி.மீ. ஒரே அகல டயரில் அச்சிலிருந்து விளிம்பு 19 மி.மீ. உள்ளே வரும். பாதத்துக்கு அவ்வளவு இடம் கிடைக்கும். ஹெட் டியூபை அதிகம் சாய்க்க வேண்டியதில்லை. இன்னும் சின்னதான 650சியில் விட்டம் 571. கேன்யன் நிறுவனம் 2017 வாக்கில் தன் பெண்கள் வரிசையின் மிகச் சின்ன அளவுகளுக்கு 650பி கொடுத்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கரடுமுரடான பாதைக்கான கிராவல் சைக்கிள்களிலும் 650பி என்று எழுதியிருக்கும். அதில் போடும் 47 மி.மீ. டயரோடு சேர்த்து விட்டம் 678. நாம் மேலே பார்த்த 700சி, 28 மி.மீ. டயரின் விட்டமும் அதேதான். பெயர் 650பியாக இருந்தும் பாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை.

நஷ்டம் என்றால் டயர்தான். இந்த அளவுகளில் ஒல்லியான, வேகமாக ஓடும் ரோடு டயர்கள் குறைவு. 650சிக்கு இன்னும் குறைவு. குழுவாக ஓட்டும்போது டியூப் பஞ்சரானால் பக்கத்தில் வருபவரிடம் கடன் வாங்கவும் முடியாது. 155 செ.மீ.க்கு மேல் உள்ளவருக்கு நல்ல 700சி ஃபிரேம் தேடிப் பிடிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து. அதற்குக் கீழே போகப் போக 650பி பக்கம் தராசு சாய்கிறது.

கிராங்க்: யாரும் கேட்காத அளவு

பெடலைத் தாங்கும் கைக்குப் பெயர் கிராங்க். கடையில் நிற்கும் சைக்கிள்களில் 170, 172.5, 175 மி.மீ. கிராங்க்தான் அதிகம். 180 செ.மீ. ஆணின் உள்கால் 840 மி.மீ. என்று வைத்தால் 170 கிராங்க் அதில் 20 சதவீதம். நமது 150 செ.மீ. பெண்ணுக்கு அதே 170 கிட்டத்தட்ட 25 சதவீதம். ஆணுக்குக் கிடைத்த விகிதம் இவருக்கும் வேண்டுமென்றால் கிராங்க் 140 மி.மீ. இருக்க வேண்டும். அப்படி ஒன்று சாதாரணமாக விற்பனையில் இருக்காது. 165 எளிதில் கிடைக்கும், சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் ‘105’ என்ற வரிசையில் 160 வரை உண்டு, வேறு நிறுவனங்களில் 155, 150 கூடக் கிடைக்கும்.

170லிருந்து 160க்கு இறங்கினால் என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம். பெடல் கீழே வரும்போது 10 மி.மீ. மேலே நின்றுவிடுவதால் சீட்டை 10 மி.மீ. உயர்த்தலாம். பெடல் மேலே வரும்போது 10 மி.மீ. குறைவாகவே ஏறுகிறது. இரண்டையும் சேர்த்தால் உச்சியில் பெடல் இடுப்பிலிருந்து 20 மி.மீ. தள்ளி நிற்கிறது. முட்டி வயிற்றில் இடிக்காது, இடுப்பு விரிந்து கொடுக்கும், குனிந்து ஓட்டுவது சுலபமாகும். போதாததற்கு, பாதம் முன்சக்கரத்திலிருந்தும் ஒரு சென்டிமீட்டர் விலகுகிறது. ஒரே ஒரு பாகத்தை மாற்றி இத்தனை லாபம் வேறெங்கும் கிடைக்காது. குட்டை கிராங்க்கில் பலம் குறையும் என்ற பழைய அச்சமும் தேய்ந்துவருகிறது, 176 செ.மீ. உயரமுள்ள பந்தய வீரர் தாதே போகாச்சார் 2024இல் 165 கிராங்க்கில் பந்தயம் ஓட்டினார். நெம்புகோல் சிறிதாவதை ஒரு கியர் இறக்கி ஈடுகட்டிக்கொள்ளலாம்.

ஹேண்டில்பார், ஸ்டெம், பிரேக்

இப்போது யூசிஐ விதிக்குத் திரும்பலாம். ஹேண்டில்பார் அகலத்தைச் சிலர் குழாயின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்கிறார்கள், சிலர் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு. இரண்டுக்கும் ஏறக்குறைய 2 செ.மீ. வித்தியாசம். யூசிஐ சொல்லும் 400 வெளி அளவு. அது மைய அளவில் சுமார் 38 செ.மீ. தோள் எலும்பு அகலம் 34, 35 செ.மீ. உள்ள பெண்ணுக்கு 36 அல்லது அதற்கும் குறுகியது பொருந்தும். அகலம் கூடினால் கை விரிகிறது. விரிந்த கை எட்டும் தூரமும் குறைகிறது. ரீச் ஏற்கெனவே நீளமாக உள்ளவருக்கு இது இரட்டை அடி. கீழ்ப்பகுதி வெளியே விரிந்த ஹேண்டில்பாரில், மேலே குறுகலாகப் பிடித்துக்கொண்டே கீழே 400 காட்டலாம் என்பதுதான் திருத்திய விதியில் கிடைத்த சலுகை. பந்தயம் ஓட்டாதவரை எந்த விதியும் கட்டுப்படுத்தாது. 36 வேண்டுமென்றால் தாராளமாக 36 போட்டுக்கொள்ளலாம்.

ஹேண்டில்பாரை ஃபோர்க்கின் மேல்தண்டோடு இணைக்கும் துண்டுக்குப் பெயர் ஸ்டெம். அது குட்டையானால் எட்டும் தூரம் குறையும். 70 மி.மீ. வரை தயங்காமல் போகலாம். அதற்கும் கீழே போனால் கையின் சின்ன அசைவுக்கும் ஸ்டியரிங் துள்ளும். சின்ன அளவில் ஹெட் டியூப் சாய்ந்து மந்தமாக இருப்பதால் குட்டை ஸ்டெம் அதை ஓரளவு சமன்செய்யவும் செய்யும். ஹேண்டில்பாரின் முன்வளைவு நீளமும் 80லிருந்து 70க்குக் குறையக்கூடியதுதான். வயர்கள் உள்ளே ஓடும்படி ஸ்டெம்மும் ஹேண்டில்பாரும் ஒரே துண்டாக வரும் சைக்கிள்களில் இதெல்லாம் எளிதல்ல: ஒரு சென்டிமீட்டர் குறைக்க முழுத் துண்டையும் புதிதாக வாங்கி, பிரேக் ஹோஸைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். உயரம் குறைந்தவர் இப்படிப்பட்ட சைக்கிளைத் தவிர்ப்பது நல்லது.

பிரேக் லீவரில் ஒரு சின்ன திருகு இருக்கிறது. அதைத் திருகினால் லீவர் ஹேண்டில்பார் பக்கம் வரும். ஷிமானோ, ஸ்ராம் இரண்டிலும் உண்டு. கடையில் யாரும் சொல்வதில்லை. கீழ் வளைவைப் பிடித்தபடி ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு லீவரில் வளைந்து உட்கார வேண்டும். நுனி மட்டும் தொட்டால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கக் கை நடுங்கும். சரிசெய்த பிறகு முழுதாக அழுத்திப் பாருங்கள். லீவர் ஹேண்டில்பாரில் மோதக் கூடாது.

சீட் வலி என்றால்

சீட்டின் அகலம் உட்காரும் எலும்புகளின் இடைவெளியைப் பொறுத்தது. உயரத்தையோ எடையையோ அல்ல. 143, 155 மி.மீ. என்று அகலவாரியாகக் கிடைக்கிறது, நடுவே பள்ளமுள்ளதும் உண்டு. ஆனால் முன்பக்கம் வலிக்கிறது என்று சீட்டுக்குமேல் சீட் மாற்றும் பலருக்கு உண்மையான காரணம் ஹேண்டில்பார் தூரம். கை எட்டாதபோது உடம்பு முன்னால் வழுக்கி, சீட்டின் மூக்கில் உட்கார்ந்துவிடுகிறது. முதலில் தூரத்தைக் குறைத்துவிட்டு, பிறகு சீட்டைக் குறை சொல்லலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய வரிசை

1. வெறுங்காலுடன் சுவரோடு நின்று, ஒரு புத்தகத்தைக் கவட்டில் இறுக்கிப் பிடித்து உள்கால் அளவை எடுங்கள். அதை 0.883ஆல் பெருக்கினால், பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து சீட்டின் மேற்பகுதி வரையுள்ள உயரம் தோராயமாகக் கிடைக்கும். 690க்கு அது 609 மி.மீ.

2. அந்த உயரத்துக்கு சீட் இறங்குமா என்று கேளுங்கள். சில ஃபிரேம்களில் சீட் போஸ்ட்டை வெட்டினால்தான் இறங்கும். மின்சார கியரின் பேட்டரி போஸ்ட்டுக்குள் இருந்தால் வெட்டுவதும் சிக்கல்.

3. ஸ்டாக்கைச் சமமாக்கி ரீச்சை ஒப்பிடுங்கள். மேல்குழாய் நீளத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

4. சைக்கிளோடு வரும் கிராங்க், ஸ்டெம், ஹேண்டில்பார் அளவுகளை எழுதி வாங்குங்கள். ‘எக்ஸ்எஸ்’ ஃபிரேமில் 170 கிராங்க்கும் 40 ஹேண்டில்பாரும் மாட்டி விற்பது அபூர்வமல்ல. பணம் கட்டும் முன் மாற்றித் தரச் சொன்னால் பல கடைகள் வித்தியாசத் தொகை மட்டும் வாங்கிக்கொண்டு மாற்றும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கேட்டால் முழு விலை.

5. ஓட்டிப் பார்க்கும்போது நேராகப் போய்த் திரும்பினால் போதாது. மெதுவாக எட்டு போடுங்கள், பாதம் சக்கரத்தில் படுகிறதா பாருங்கள். முழங்கை லேசாக மடிந்த நிலையிலேயே லீவர் மேல் கை இருக்க வேண்டும். கை விறைத்து நின்றால் தூரம் அதிகம்.

டயர் காற்றையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். 48 கிலோ எடையுள்ளவருக்கு, 75 கிலோ ஆளுக்கு அடிக்கும் அழுத்தம் வேண்டாம். அந்த அளவுக்கு அடித்தால் எவ்வளவு நன்றாகப் பொருந்திய சைக்கிளும் கல்லின் மேல் ஓடுவது போலத்தான் இருக்கும்.

இத்தனையும் செய்து, 70 மி.மீ. ஸ்டெம், 70 மி.மீ. முன்வளைவுள்ள குறுகிய ஹேண்டில்பார் போட்ட பிறகும் கை விறைத்தே இருந்தால், அந்த ஃபிரேமை விட்டுவிட வேண்டியதுதான். ஸ்டெம்மை 40க்குக் குறைப்பது, சீட்டை முன்னுக்குத் தள்ளித் தூரத்தைச் சரிக்கட்டுவது இரண்டும் வேறு வலியைத்தான் கொண்டுவரும். அந்தக் கட்டத்தில் மிச்சம் இருப்பவை 650பி சக்கரத்துக்கென்றே வரைந்த ஃபிரேம் அல்லது அளவெடுத்துச் செய்யும் ஸ்டீல், டைட்டானியம் ஃபிரேம். செய்பவரிடம் போகும்போது உயரத்தை மட்டும் சொல்லாமல், கிராங்க் நீளத்தை முதலில் முடிவு செய்துகொண்டு போங்கள். சீட் உயரம், ஃப்ரன்ட் சென்டர் எல்லாவற்றையும் அவர் அதிலிருந்துதான் கணக்குப் போட வேண்டியிருக்கும்.